மயக்கத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

மூன்று வருஷத்துக்கு முன்னாடி, பெங்களூரில் ஒரு சனிக்கிழமை காலை. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா கட்டிலிலிருந்து எழுந்தவர், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "லேசா மயக்கமா இருக்குடா" என்றார். அப்போது அவருக்கு வயது 71. பல வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த டாக்டர் இளம் பெண். தமிழ் தெரியாது. என்ன பிரச்சினை என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொன்னேன்: "மை ஃபாதர் வாஸ் அன்கான்ஷியஸ் திஸ் மார்னிங், டாக்டர்."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. எவ்வளவு நேரம் என்றார். "டென், ஃபிஃப்டீன் மினிட்ஸ்" என்றேன். அவ்வளவு நேரம் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டும் இருந்தது உண்மைதான். விழுந்தாரா, தலையில் அடிபட்டதா, வலிப்பு வந்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டாரா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "நோ" சொன்னேன். ஆனால் முதலில் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவருடைய தாளில் ஏறிவிட்டது. 71 வயதுக்காரர் பத்து நிமிஷம் நினைவில்லாமல் கிடந்தார் என்றால் எந்த டாக்டரும் என்ன செய்வாரோ அதைத்தான் அவரும் செய்தார். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, தலைக்கு ஸ்கேன்.

ஸ்கேன் முடிந்து காத்திருந்தபோது நர்ஸ் ஒருவர் வந்தார். கோலார் தங்கவயல்காரர், நல்ல தமிழ் பேசினார். அப்பாவிடம் குனிந்து கேட்டார்: "ஐயா, மயக்கம்னா எந்த மயக்கம்? தலை சுத்துச்சா, இல்ல நினைவே தப்பிப் போச்சா?"

"நினைவெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. எழுந்திரிச்சதும் ரூமே சுத்துச்சு. அவ்ளோதான்."

நர்ஸ் டாக்டரிடம் திரும்பி, "ஹி வாஸ் டிஸ்ஸி. நாட் அன்கான்ஷியஸ்" என்றார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாவைப் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் அழுத்தம் நன்றாகவே இறங்கியது. பத்து நாள் முன்னால் ஊரில் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள் என்பது அப்புறம்தான் பேச்சில் வந்தது. டாக்டர் அளவை மாற்றி எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஸ்கேனுக்குக் கட்டிய பணம் போகட்டும். அந்த நாலு மணி நேரம் அம்மாவுக்குப் போன் செய்து என்ன சொல்வது என்று தெரியாமல் வராந்தாவில் நின்றது மறக்கவே மாட்டேங்கிறது. தப்பு டாக்டர் மேல் இல்லை. முழுக்க என் மேல். பொறியியல் படித்து, பன்னிரண்டு வருஷம் ஆங்கிலத்திலேயே மின்னஞ்சல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். 'மெட்டிகுலஸ்' தெரியும், 'யுபிக்விட்டஸ்' தெரியும். தலை சுற்றுவதற்கு வார்த்தை வரவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் குறிப்பு. அன்றாட ஆங்கிலச் சொற்களை எப்படிச் சேர்ப்பது, ஏன் நாம் படித்த முறை காலை வாருகிறது, எளிய விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் எதற்கு என்று நான் புரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல், ஒரு பொருள் என்ற கணக்கு

நான் தமிழ் வழியில் படித்தவன். எட்டாம் வகுப்பில் தினமும் ஐந்து வார்த்தை எழுதிக்கொண்டு போக வேண்டும். நோட்டின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். அன்கான்ஷியஸ் - மயக்கமான. அப்படித்தான் அது மண்டையில் ஏறியது. தப்பான பொருள் என்று சொல்ல முடியாது. நினைவில்லாமல் கிடப்பவரை நாமும் 'மயக்கமா கிடக்கிறார்' என்றுதான் சொல்கிறோம்.

சிக்கல் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. அன்கான்ஷியஸ் எல்லாம் மயக்கம்தான். ஆனால் மயக்கம் எல்லாம் அன்கான்ஷியஸ் ஆகாது. நோட்டின் நடுவில் போட்ட கோடு இந்த விஷயத்தைச் சொல்வதே இல்லை. இரண்டு பக்கமும் சமம் என்று நினைக்க வைத்துவிடுகிறது.

நம்ம மயக்கத்தின் பரப்பைக் கொஞ்சம் பாருங்கள். பசி மயக்கம், வெயில் மயக்கம், குடி மயக்கம், காதல் மயக்கம், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்கிறோம். பொழுது சாயும் நேரத்தை மாலை மயங்கும் நேரம் என்கிறோம். பழைய தமிழில் மயங்குதல் என்றால் கலத்தல். தொல்காப்பியத்தில் மெய்ம்மயக்கம் என்று வருவது மெய்யெழுத்துகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதைத்தான். ஆக, தெளிவாக இருந்தது கலங்கிப்போனால் நமக்கு அது மயக்கம். ஆங்கிலக்காரர்கள் இதே நிலத்தை வேறு மாதிரி பாத்தி கட்டி வைத்திருக்கிறார்கள்.

டிஸ்ஸி: சுற்றியிருப்பதெல்லாம் சுழல்வது போலவும் விழுந்துவிடுவோம் போலவும் இருப்பது. நினைவு இருக்கும். 'ஐ ஃபீல் டிஸ்ஸி வென் ஐ ஸ்டாண்ட் அப்.' எழுந்து நின்றால் எனக்குத் தலை சுற்றுகிறது.

ஃபெயின்ட்: திடீரென்று கொஞ்ச நேரம் நினைவு தப்பி, பெரும்பாலும் கீழே விழுவது. 'எ பாய் ஃபெயின்டட் இன் தி சன் டியூரிங் பிரேயர்.' பிரேயரில் வெயில் தாங்காமல் ஒரு பையன் மயங்கி விழுந்தான்.

அன்கான்ஷியஸ்: அடிபட்டோ நோயாலோ நினைவில்லாமல் இருப்பது. கூப்பிட்டாலும் தட்டினாலும் எழ மாட்டார். 'ஹி வாஸ் அன்கான்ஷியஸ் ஆஃப்டர் தி ஆக்சிடென்ட்.'

டிரவுசி: தூக்கம் கண்ணைச் சுற்றுவது. 'திஸ் டேப்லெட் மேக்ஸ் மீ டிரவுசி.' தொண்டனின் உண்ட மயக்கம் இந்தப் பாத்தியில் விழும்.

வீக்: உடம்பில் தெம்பில்லாமல் இருப்பது. காலையிலிருந்து சாப்பிடாதவரின் பசி மயக்கத்தை 'வீக் வித் ஹங்கர்' எனலாம்.

நம்ம ஊர் டாக்டர்களிடம் 'கிடினெஸ்' என்றாலும் தலைசுற்றல் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒருவர் 'கிடி' என்றால் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. டிஸ்ஸி எங்கேயும் செல்லும்.

அந்த நர்ஸ் செய்ததைக் கவனித்தீர்களா? ஆங்கில வார்த்தையைத் தேடுவதற்கு முன்னால் அவர் தமிழைப் பிரித்தார். தலைசுற்றல், நினைவு தப்புதல் இரண்டும் தமிழிலேயே தனித்தனியாக இருக்கின்றன. நான் அவசரத்தில் மேலாக இருந்த சொல்லை எடுத்து அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். நாம் ஆங்கிலத்தில் தடுமாறும் இடங்களில் பாதி, 'இதைத் தமிழில் வேறு எப்படிச் சொல்வேன்?' என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

எளிய விளக்கம் யாருக்காகப் பிறந்தது?

இப்போது கடையில் விற்கும் லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிகளைப் புரட்டினால் விளக்கங்கள் சின்னச் சின்ன வார்த்தைகளில் இருக்கும். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆங்கிலேயர் தமக்காகவே எழுதிக்கொண்ட பழைய அகராதிகளில் ஒரு வார்த்தைக்குப் பொருள் பார்த்தால் அதைவிடக் கஷ்டமான இரண்டு வார்த்தை இருக்கும். அதைப் பார்க்கப் போனால் மறுபடி முதல் வார்த்தைக்கே கொண்டுவந்து விடும். செக்கைச் சுற்றும் மாட்டின் கதைதான்.

இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். அவர் வேலை பார்த்தது நம்ம பக்கத்தில்தான். ஆங்கிலேயர் காலத்து இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து, வங்காளத்தில் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். வங்காளிப் பையன்கள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பக்கத்துக்குப் பக்கம் புது வார்த்தைகளைக் கொட்டினால் பிள்ளைகள் எதையும் படிக்க முடியாது, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுக்க வேண்டும் என்று பாடப் புத்தகங்களைத் திருத்தி எழுதினார். 1935-இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து ஓர் அகராதி கொண்டுவந்தார். சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம். அந்த விளக்கங்கள் எல்லாவற்றையும் எழுத அவர் பயன்படுத்தியது வெறும் 1,490 சொற்கள்.

இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 1,490 சொற்கள் தெரிந்த பையன், அகராதியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் யார் உதவியும் இல்லாமல் படித்துக்கொள்ளலாம். 1953-இல் வெஸ்ட் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். 1978-இல் வந்த லாங்மன் மாணவர் அகராதியும் சுமார் 2,000 சொற்களுக்குள்ளேயே விளக்கங்களை எழுதியது. இன்றைக்கும் பெரும்பாலான மாணவர் அகராதிகள் இப்படி ஒரு எல்லையை வைத்துக்கொள்கின்றன.

இன்னொருவர் ஏ. எஸ். ஹார்ன்பி. 1924-இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனவர். ஜப்பானிய மாணவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தும் அதை வாக்கியத்தில் வைக்கத் தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. எந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் எது வரும், எது வராது என்பதையும் காட்டும் அகராதி ஒன்றை நண்பர்களோடு தயாரித்தார். 1942-இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, டோக்கியோவில் அது வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. இன்று நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் கனமான ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் முதல் வடிவம் அதுதான்.

மூன்றாவது, 1987-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்டு அகராதி. புத்தகங்கள், பத்திரிகைகள், பேச்சுகள் என்று உண்மையான ஆங்கிலத்தைக் கணினியில் சேர்த்து வைத்து, அதிலிருந்து எடுத்துக்காட்டுகளை எடுத்தார்கள். விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதினார்கள். 'உங்களுக்கு இப்படி இருந்தால், இப்படிச் சொல்வீர்கள்' என்ற பாணி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுப்பது போல இருக்கும்.

வங்காளத்துப் பையன்கள், ஜப்பானிய மாணவர்கள் என்று ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் பட்ட சிரமத்திலிருந்து பிறந்தவை இவை. 'சின்ன வார்த்தையில் எழுதியிருக்கு, இது குழந்தைகளுக்கான அகராதி' என்று நான் கல்லூரியில் இவற்றைத் தொடாமலே இருந்தேன். எனக்காகவே செய்த பொருளை வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

தமிழிலும் இந்த வழியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழிலேயே விளக்கம், ஆங்கிலத்தில் பொருள், தேவையான இடங்களில் எடுத்துக்காட்டு வாக்கியம். ஒரே தமிழ்ச் சொல்லின் வேறு வேறு பொருளை எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய புத்தகம் என்று இப்போது யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

விளக்கம் வேலி, வாக்கியம் பழக்கம்

விளக்கம் இருந்தால் போதாதா, எடுத்துக்காட்டு எதற்கு என்று கேட்கலாம். 'டிஸ்கஸ்' என்றால் ஒரு விஷயத்தைப் பற்றிக் கலந்து பேசுவது. விளக்கம் சரி. இதை மட்டும் படித்தவர் 'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் தி பட்ஜெட்' என்பார். தமிழில் 'பற்றி' இருக்கிறதே! 'வி டிஸ்கஸ்ட் தி பட்ஜெட்' என்று ஒரு வாக்கியத்தை நாலு தடவை வாய்விட்டுச் சொன்னவருக்கு அந்த 'அபவுட்' வராது. 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று சொல்வதும் இந்த வகைதான். 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' என்று வாக்கியமாகப் பழகினால் இலக்கணம் தெரியாமலே சரியாக வரும்.

நான் அடிக்கடி சறுக்கிய, மற்றவர்கள் சறுக்கப் பார்த்த சில இடங்கள்:

கேள். தமிழில் காதில் விழுவதும் கேட்பதுதான், கவனிப்பதும் கேட்பதுதான், கேள்வி கேட்பதும் கேட்பதுதான், சொன்ன பேச்சுக்கு அடங்குவதும் கேட்பதுதான். ஆங்கிலத்தில் சத்தம் காதில் விழுந்தால் ஹியர். கவனம் வைத்துக் கேட்டால் லிஸன். கேள்வி என்றால் ஆஸ்க். நான் ஒரு ஆன்லைன் மீட்டிங்கில், என் குரல் வருகிறதா என்று கேட்பதாக நினைத்து, மேலாளரிடம் "ஆர் யூ லிஸனிங் டு மீ?" என்றேன். 'நான் பேசுறதைக் கவனிக்கிறீங்களா இல்லையா?' என்று அதட்டியது போல ஆகிவிட்டது. கேட்டிருக்க வேண்டியது "கேன் யூ ஹியர் மீ?"

ஞாபகம். நமக்கு ஞாபகம் இருப்பது ரிமெம்பர். நமக்கு ஒருவர் ஞாபகப்படுத்துவது ரிமைண்ட். 'ப்ளீஸ் ரிமைண்ட் மீ டுமாரோ' என்றால் நாளைக்கு ஞாபகப்படுத்துங்க. 'ப்ளீஸ் ரிமெம்பர் மீ டுமாரோ' என்றால், நாளைக்கு என்னை நினைச்சுக்கோங்க. ரயில்வே ஸ்டேஷனில் விடை கொடுக்கும்போது வேண்டுமானால் சொல்லலாம்.

கடன். பொருள் என் பக்கம் வந்தால் பாரோ, என்னிடமிருந்து போனால் லென்ட். 'கேன் ஐ பாரோ யுவர் பென்?' 'கேன் யூ லென்ட் மீ யுவர் பென்?' இரண்டும் ஒரே பேனாவுக்குத்தான். யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம். தமிழில் 'கடன் வாங்கு', 'கடன் கொடு' என்று அழகாகப் பிரித்திருக்கிறோம். வாங்கு என்றால் பாரோ, கொடு என்றால் லென்ட். தமிழைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

பை, அன்டில். இங்கேயும் தமிழ் கைகொடுக்கும். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் பை. 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் அன்டில். 'ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே.' 'ஐ வில் பி இன் மதுரை அன்டில் ஃப்ரைடே.' தாய்மொழி எப்போதும் குறுக்கே நிற்கும் என்று நினைக்க வேண்டாம்.

போடு. இதுதான் உச்சம். சட்டை போடு, காபி போடு, கோலம் போடு, ஊசி போடு, சண்டை போடு, லைட்டைப் போடு, கையெழுத்துப் போடு, நாலு பேருக்குச் சாப்பாடு போடு. ஆங்கிலத்தில் இவற்றில் பலதுக்கும் தனித்தனி வினை. சட்டைக்குப் புட் ஆன், காபிக்கு மேக், கோலத்துக்கு டிரா, லைட்டுக்குத் டர்ன் ஆன், கையெழுத்துக்கு சைன். 'போடு'வுக்கு ஆங்கிலம் 'புட்' என்று நோட்டின் நடுவில் கோடு போட்டவன் காபியை எங்கே 'புட்' பண்ணுவான்?

தமிழுக்குள் குடியேறிய ஆங்கிலம்

இன்னொரு வகை வலை. நாம் தினமும் ஆங்கிலச் சொற்களைப் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். அவற்றில் சில இங்கே வந்து வேறு ஆளாகிவிட்டன. 'ஃபீல் பண்ணாதடா' என்றால் வருத்தப்படாதே. ஆங்கிலத்தில் ஃபீல் என்றால் எதை வேண்டுமானாலும் உணர்வது, சந்தோஷம் உட்பட. 'ஒரு டவுட்' என்றால் நமக்கு ஒரு கேள்வி. அங்கே டவுட் என்றால் நம்பிக்கையில்லாமல் சந்தேகப்படுவது. வெளிநாட்டுக்காரரிடம் 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால், இவர் நம்ம பேச்சை நம்பவில்லையோ என்று நினைக்கக்கூடும். 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' போதும். ஹோட்டலில் நாம் சாப்பிடுவோம். அவர்கள் தங்குவார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'பாஸ் அவுட்'. 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2009' என்று எத்தனை நேர்காணலில் சொல்லியிருப்பேன்! பட்டம் வாங்கியதைச் சொல்கிறேன் என்று இந்தியாவில் புரியும். அமெரிக்காவில் அதற்கு நினைவு தப்பி விழுந்தேன் என்று பொருள். அவர்கள் கேட்டால், 2009-இல் மயங்கி விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று நினைத்திருப்பார்கள். 'ஐ கிராஜுவேட்டட் இன் 2009' என்றால் வம்பில்லை.

என் நோட்டு இப்போது எப்படி இருக்கிறது

நடுவில் கோடு இல்லை. ஒரு சொல்லுக்கு நாலு வரி.

முதல் வரி சொல். இரண்டாவது, சின்ன ஆங்கிலத்தில் என் சொந்த விளக்கம். அகராதியைப் பார்த்துவிட்டு மூடிவிட்டு எழுத வேண்டும். மூன்றாவது, இந்த வாரம் எனக்கு நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம். நாலாவது, இது எதுவல்ல என்று பக்கத்துச் சொல் ஒன்று.

ஒரு உதாரணம்:

ஸ்பில்.
வென் எ டிரிங்க் ஃபால்ஸ் அவுட் ஆஃப் இட்ஸ் கப் பை மிஸ்டேக்.
ஐ ஸ்பில்ட் டீ ஆன் மை லேப்டாப் ஆன் மண்டே.
நாட் போர். போர் என்றால் வேண்டுமென்றே ஊற்றுவது.

தமிழில் 'டீ கொட்டிடுச்சு' என்போம். ஆனால் தேளும் கொட்டும், முடியும் கொட்டும், மழையும் கொட்டும். அதனால்தான் நாலாவது வரி. மூன்றாவது வரி மறக்காமல் இருப்பதற்கு. அந்த லேப்டாப்பைச் சரிசெய்யச் செலவழித்த பணம் ஸ்பில்லை ஜென்மத்துக்கும் மறக்கவிடாது.

எழுதி வைத்தால் மட்டும் நிற்காது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன் மேலேயே சோதனை செய்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே நாளில் பல தடவை படிப்பதைவிட, நாட்களைப் பிரித்துப் படித்தால் கூடுதலாக நிற்கிறது. அதனால் நான் எழுதிய மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை பார்ப்பேன். விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். பஸ்ஸில் பத்து நிமிஷம் போதும்.

எத்தனை சொல் வேண்டும்? அடிக்கடி வரும் 2,000 சொல் குடும்பங்கள் தெரிந்தால், சாதாரணமான எழுத்தில் நூற்றுக்கு 80 சொற்கள் வாக்கில் தெரிந்தவையாக இருக்கும் என்று இந்தத் துறையில் ஆய்வு செய்தவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மீதி 20 இல்லாமல் நாவல் படிக்க முடியாது, உண்மைதான். ஆனால் கடை, பஸ், ஆபீஸ், ஆஸ்பத்திரி ஓடுவது பெரும்பாலும் இந்த 2,000-இல்தான். தினமும் ஐந்து சொல் என்றால் 400 நாள். அதில் பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே முகம் தெரிந்த சொற்களாகத்தான் இருக்கும். முகம் தெரிந்ததோடு நிறுத்தாமல், அதன் வேலி எங்கே என்று பார்ப்பதுதான் வேலை. 'மெட்டிகுலஸ்' பிறகு வரட்டும், அவசரமில்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். வலி, எரிச்சல், குத்தல், அரிப்பு, வீக்கம், குமட்டல், மயக்கம். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. அவசரம் வரும்போது அகராதி புரட்ட நேரம் இருக்காது. அப்போது எது வாயில் முதலில் வருகிறதோ அதுதான் டாக்டரின் தாளில் ஏறும்.

போன மாசம் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். ஜலதோஷத்துக்கு ஏதோ மாத்திரை வாங்கியிருக்கிறார். அட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். "மே காஸ் டிரவுசினெஸ்னு போட்டிருக்குடா. அப்படின்னா மயக்கம்தானே?"

"எந்த மயக்கம்ப்பா?" என்று கேட்கத்தான் வாய் வந்தது. "தூக்கம் தூக்கமா வரும்ப்பா. போட்டுட்டு வண்டி எடுக்காதீங்க. பிரஷர் மாத்திரையோட இதைச் சாப்பிடலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றேன்.

"சரிடா" என்றவர், "இதையும் உன் நோட்ல எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார். எழுதிக்கொண்டேன். டிரவுசி. மூன்றாவது வரியில் அப்பாவின் வாக்கியம்.